அட்டையின் முதல் வரி

ஒவ்வோர் ஆண்டும் ஓட்டப் போட்டியில் கடைசி ஆள் ஓடி முடிப்பதற்குள் முடிவுகளை அட்டையில் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவாள் நவமணி. சம்பளமில்லாத அந்த வேலைக்கு அவள் ஓடி ஓடி வருவதே அட்டையின் முதல் வரிக்காகத்தான். பெண்கள் பத்துக் கிலோமீட்டர் சாதனை என்று பதினோரு ஆண்டுகளாகத் தன் பெயரைத் தானே எழுதுகிறாள்.

இன்று ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரமாகியும் பலகை காலியாகவே இருந்தது. முதலில் வந்தவளின் எண் அட்டையிலிருந்து கிழித்து நேரம் குறித்த துண்டு, நவமணியின் மூடிய கைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. சாதனையைவிட இரண்டு விநாடி குறைவு.

“என்னம்மா, இன்னைக்கு இவ்ளோ நேரம்?” என்று கூட்டம் நச்சரித்தது.

ஓடி ஜெயித்த ஜெசிந்தாவே வந்து நின்றாள். ஒரு காலத்தில் தனக்கிருந்த அதே கால்கள் என்று நவமணிக்கு வயிறு எரிந்தது.

“கை வலிக்குதாக்கா? பேனாவக் குடுங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

நவமணி சொல்வதற்கு முன்பே அவள் முதல் வரியை எழுதினாள்: நவமணி, 41:12.

“இது எனக்கு மனப்பாடம்க்கா. தினம் இத நெனச்சுத்தான் ஓடுறேன்,” என்றவள், அடுத்த வரியில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்தாள். “இப்ப என்னோடதச் சொல்லுங்க.”