கைப்பட ஒரு வரி

கிட்ட வாருங்கள் செல்லங்களா, ஒன்று சொல்கிறேன். பழைய ரோமாபுரி எழுத்தாளர்களின் கடிதங்களை ஆராய்கிறவள் பிலோமினா. அவர்கள் சொல்லச் சொல்ல அடிமைகள் எழுதுவார்களாம்; முடிவில் ஒரு வரியைத் தம் கைப்பட எழுதுவார்களாம், பெறுகிறவர் மனம் தேற.

வெளிநாட்டில் கட்டிக்கொடுத்த தன் மகள் ஷீபாவின் குரலை அவள் கேட்டு வெகுநாளாகிவிட்டது. கைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் வரும்.

“ரோமாபுரிக்காரங்க மாதிரி உன் கையால ஒரு வரி எழுதி, படம் எடுத்து அனுப்புடி” என்று பிலோமினா கேட்டாள்.

“அவ தூங்குறா அத்தை. உங்க ரோமாபுரி எங்களையும் விடாதா?” என்று மருமகனிடமிருந்து பதில் வந்தது.

பிறகு படம் வந்தது. ‘நான் நல்லா இருக்கேன் அம்மா.’

கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதிய மருமகனின் கையெழுத்து அது.

பிலோமினா அழைத்தாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெண்களின் குரல் என்றும் உங்கள் காதில் விழட்டும், கண்ணுகளா.