கௌவினால் பிஸ்கட்

சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டிய ரோமியோ, வாக்கிங் போன இடத்தில் அழுக்குப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கௌவிக்கொண்டது. கூட்டிவந்த வசுமதி பதறிப்போனாள்.

"ஐயோ, முழுங்கிடாதடா தங்கம்! இந்தா, இதைச் சாப்பிடு" என்று கெஞ்சிப் பிஸ்கட்டை நீட்டினாள். ரோமியோ பையைப் போட்டுவிட்டுப் பிஸ்கட்டைத் தின்றது.

மறுநாள் பிய்ந்த செருப்பைக் கௌவியது. அதற்கடுத்த நாள் நசுங்கிய டீ கப். ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் வந்தது.

குப்பைத்தொட்டி ஓரம் படுத்திருந்த தெருநாய் செவலைக்குப் பொறுக்கவில்லை. வசுமதி அசந்த நேரம் பார்த்துக் கேட்டது: "எப்படிடா இதெல்லாம்?"

"ரொம்ப சுலபம்ண்ணே. குப்பையைக் கௌவணும். இதோ முழுங்கப் போறேங்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கணும். மிச்சத்தை அவங்களே பார்த்துப்பாங்க."

செவலை அதே பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்தது. வசுமதியின் வாசலுக்கே போய், முழுங்கப் போகிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றது. கதவு திறந்தது.

"ச்சீ, போ சனியனே!"

செருப்பு பறந்து வந்து முதுகில் விழுந்தது.

சாயங்காலம் ரோமியோவைப் பார்த்ததும் செவலை குமுறியது. "அதே பைதானேடா? நீ சொன்ன மூஞ்சியைத்தானே வச்சேன்? எங்கடா தப்பு?"

ரோமியோ அதை மேலும் கீழும் பார்த்தது.

"பை சரிதான்ண்ணே, மூஞ்சியும் சரிதான். கழுத்துலதான் பட்டையைக் காணோம்."