குனியக்கூடாது

பச்சைத் திரையை ஒதுக்கிக்கொண்டு வரும் காலை வெயில் பேரிகை கிளினிக்கில் டாக்டர் அனுப்ரியாவின் மேசைமேல் விழுகிறது. முதுகில் ஜவ்வு விலகி ஒரு மாதமாக லீவில் இருக்கும் திம்மராயன், வேலைக்குத் திரும்பச் சீட்டு வாங்க வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் எதிரே நிற்கிறார். ஸ்பீக்கரில் போட்ட போனில் அவருடைய ஓசூர் கம்பெனி எச்.ஆர். கௌதம் பேசுகிறான், அவன் குரலுக்குப் பின்னால் பிரஸ் மிஷின்கள் தடதடவென்று இடிக்கின்றன. "லைட் ஒர்க்னு எழுதாதீங்க மேடம். சூப்பர்வைசர் கையில துடைப்பத்தக் குடுத்துக் கூட்டச் சொல்லிருவாரு. குனியக்கூடாதுன்னு எழுதி, எத்தனை வாரம்னும் போடுங்க. நான் ஸ்டோர்ல உக்கார வைக்கறேன்." அனுப்ரியா எழுதிய தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, வேறொன்றில் அவன் சொன்னபடியே எழுதி, நான்கு வாரம் என்று போடுகிறாள். "நாலு வாரம்னா என் மிஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க மேடம். வலியே இல்லீங்க, ரெண்டு போதும்" என்று திம்மராயன் சிரிக்கிறார். முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவள் இரண்டு என்று திருத்திக் கையெழுத்துப் போடுகிறாள். அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். அங்கே படியோரம் அவருடைய கம்பெனி ஷூ கிடக்கிறது. அவர் மனைவி நாராயணம்மா, யாரும் சொல்லாமலே, மண்டியிட்டு உட்காருகிறாள். அவர் சுவரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு காலாக ஷூவுக்குள் நுழைத்து, லேஸை இழுத்து, முடிச்சுப் போடுகிறாள். ஒரு மாதமாகப் பழகிய விரல்கள்.

"திம்மராயன், அந்தச் சீட்ட இப்படிக் குடுங்க" என்கிறாள் அனுப்ரியா.