குவியலுக்கு அடியில் 67

காபிக் கடையின் பின்மேசையில் அன்று காலை ஐந்து பேர் இருந்தோம். சுவரை ஒட்டி கோச் ஹாலிங்கர். அவருக்கு எதிரே இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கிரெய்க், ஒரு கட்டு நகல்களோடு. ஜன்னல் பக்கம் வெர்லின் ஸ்டாக்கி, அவர் தோளை ஒட்டி மனைவி ஆர்லீன். மேசையின் முனையில், வாசலுக்கு முதுகு காட்டி, நான்.

நான் தேர்வுக் குழுவின் செயலாளர். எனக்கு ஓட்டு கிடையாது. கடிதம் எழுதுவது மட்டும்.

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நூறு வயது. நூறாண்டின் சிறந்த அணியில் ஓர் இடம்தான் பாக்கி: தடுப்பு வரிசையின் நடு ஆள். பந்தோடு வருகிறவனை மறித்துத் தரையில் சாய்க்கிறவன்.

தேர்வானவர்கள் அக்டோபரில், ஆட்ட இடைவேளையில், பெயர் சொல்லி அழைக்க மைதானத்தின் நடுவே நடந்து வருவார்கள்.

பாக்கி இடத்துக்கு வந்த இரண்டு பெயரில் ஒன்று வெர்லின். ஆர்லீனுக்கு அந்த நடைதான் வேண்டியிருந்தது.

"அடுத்த வருஷம் தன் பேரே அவருக்கு ஞாபகம் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்டோபர்ல கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பார்."

வெர்லின் பான்கேக்கின் மேல் பாகை ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்து மேசைக்கு வழிந்தது. ஆர்லீன் புட்டியை மெல்ல வாங்கி வைத்தார்.

எதிர்ப்பெயர் மார்கஸ் டில்லார்ட். 2017இல் ஆடி முடித்தவன்.

"டில்லார்ட் முன்னூத்திப் பத்து பவுண்டு, கோச். வெர்லின் இருநூத்தி இருபது. இன்னிக்குப் பந்தைத் தூக்கிட்டு ஓடுறவனே அந்த எடை இருக்கான்" என்றான் கிரெய்க்.

"உன் டில்லார்ட் நாலு தடவை மோதிட்டு ஓரமா போய்த் தண்ணி குடிப்பான். இவன் ஒரு நாளும் வெளிய வந்ததில்ல. ரெண்டு பேர் இவன் மேல தொங்குவாங்க, அவங்களையும் இழுத்துட்டுப் போய் மூணாவது ஆளச் சாய்ப்பான்டா. நான் பக்கத்துல நின்னு பார்த்தவன்."

"பார்த்தீங்க, சரி. பார்த்தத எந்தக் கட்டத்துல நிரப்பறது?"

ஓட்டுள்ள கோச்சும் கிரெய்க்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டப் பதிவேடு தீர்மானிக்கும் என்று கல்லூரி எழுதியிருந்தது.

கிரெய்க் பதிவேட்டின் நகல்களைத் திருப்பி வைத்தான். டில்லார்ட் சாய்த்தது 211 பேர். 67ஆம் எண் சட்டை போட்ட வெர்லின், மூன்று வருடத்தில், 38.

"மைதானத்துக்கு மேல கண்ணாடிக் கூண்டுல உக்காந்து எழுதினவனுக்கு என்னடா தெரியும்?"

"அப்படிச் சொல்லாதீங்க கோச். இதப் பாருங்க, 1974. பென்சில்ல எவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கான்! ஏழு எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கோடு, ஒண்ணுன்னு குழம்பிடக் கூடாதுன்னு. இப்படிப்பட்ட ஆளு தப்பு விடமாட்டான்."

கோச் தாள்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"எழுதுய்யா" என்றார் என்னிடம்.

ஆர்லீன் கணவரின் வாயோரத்துப் பாகைத் துடைத்துவிட்டார்.

எழுந்தோம். வெர்லின் எழவில்லை. மூன்று விரலை மேசையில் ஊன்றி, தலை கவிழ்ந்து, காத்திருந்தார்.

"எப்பவும் இப்படித்தான். சர்ச்சுலயும் கடைசி ஆளு இவர்தான்" என்றார் ஆர்லீன்.

"மேல கிடக்கிறவங்க எல்லாம் எழுந்தாச்சா?" என்று கேட்டார் வெர்லின். "அவங்க எழுந்தாத்தானே நான் எழ முடியும்? பந்து வச்சிருக்கிறவன் எனக்கு அடியில கிடக்கான்."

கிரெய்க் தாள்களை அடுக்குவதை நிறுத்தினான்.

"எழுந்தாச்சுடா வெர்ல்" என்றார் கோச். "விசில் அடிச்சாச்சு. வா."

வெர்லின் எழுந்தார்.

வாசலில் கிரெய்க்கை நிறுத்தினேன்.

"அடியில கிடக்கிறவன் முதுகுல இருக்கிற எண் கூண்டுல இருந்து தெரியாது, கிரெய்க்."

"இருக்கலாம். அப்போ எத்தனைன்னு போடறது? நீங்களே ஒரு எண் சொல்லுங்க, திருத்திடறேன்."

என்னிடம் எண் இல்லை. அவன் என் தோளில் தட்டிவிட்டுக் காருக்குப் போனான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாகு காயாத இடத்தைத் தவிர்த்துத் தாளை வைத்தேன். தேர்வு: மார்கஸ் டில்லார்ட். ஆதாரம்: பதிவேடு. நான்காக மடித்தேன். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

முகவரியின் அஞ்சல் எண்ணில் இரண்டு ஏழு. இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தேன். பத்தொன்பது வயதில், கூண்டில், தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பழகியது.

ஒருவர்மேல் ஒருவர் விழுந்த ஆட்களின் குவியல் கலையும்போது முதலில் எழுகிறவனின் எண்ணை எழுதுவேன். 67 எழுவதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

தெருமுனைப் பெட்டியில் கடிதத்தைப் போட்டேன்.