வலப்பக்கத்துப் பை

சிதம்பரநாதரின் இடப்பக்க நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருந்தது. அதற்கு நேர் மேலே, சட்டைப் பையில், செல்போன் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி இரேன். நீ பக்கத்தில் இருந்தால் இவர் இதயத் துடிப்பு எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. நான் தவறவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார்" என்றது பேஸ்மேக்கர்.

"நானா ஆசைப்பட்டு வந்தேன் அண்ணே? சட்டைக்குப் பை இந்தப் பக்கம்தானே வைக்கிறார்கள்" என்றது செல்போன்.

டாக்டரும் போனை வலப்பக்கம் வைக்கத்தான் சொல்லியிருந்தார். அதனால் மனைவி மரகதவல்லி எல்லாச் சட்டையிலும் வலப்பக்கம் ஒரு பை தைத்து வாங்கினாள். இரண்டுக்கும் நிம்மதி.

மறுநாள் குளித்து வந்த சிதம்பரநாதர் புதுப் பையைத் தடவிப் பார்த்தார். புதுசில் முதலில் சாமி காரியம்தானே? இதயம் நன்றாக இருக்கட்டும் என்று கோயில் விபூதிப் பொட்டலத்தை அதில் வைத்தார். பை நிறைந்துவிட்டது. செல்போனைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனையில் செல்போன் அதிர்ந்தது. மனைவிதான்.

"போனை எங்கே வச்சிருக்கீங்க?"

"கையிலதான் வச்சிருக்கேன்."

"சரி, பத்திரம்."

பேசி முடித்ததும் அதை மறுபடியும் இடப்பக்கப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்போ என்ன அண்ணே செய்யறது?" என்றது செல்போன்.

"கொஞ்ச நேரம் பேசாமல் இரு தம்பி. துடிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்."