அந்த ஒரு வரி மட்டும்

"அந்த ஒரு வரியை மட்டும் நான் பேசலை சார். வேற யாரையாவது வச்சு எடுத்துக்குங்க."

மைக் முன்னால் நின்றுகொண்டு மணிக்குரல் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் மணிக்குரல்தான். நான் ரெக்கார்டிங் பார்க்கிறவன். குழந்தைகள் சேனலுக்கான பென்குயின் படம், அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

அதுவரைக்கும் மனுஷர் பிய்த்து உதறியிருந்தார். தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து வைப்பது, கூட்டமாய் ஒட்டி நின்று முறை வைத்து நடுவுக்கு வருவது, முட்டை உறைந்துவிடாமல் பாதத்தின் மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு அப்பா பென்குயின் பட்டினியாய் நிற்பது... அவர் பேசப் பேச எனக்கே குளிரெடுத்தது.

கடைசிக் காட்சியில்தான் தகராறு.

"அப்படி என்னய்யா இருக்கு அதுல?" டைரக்டர் பேப்பரைப் பார்த்துப் படித்தார். "'இரை தேடிப் போன தாய் வரவில்லை. ஊட்டுவதற்குத் தந்தையிடம் இனி ஒன்றுமில்லை. குஞ்சை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறது. இனி அது திரும்பி வராது.' உள்ளதைத்தானே சொல்றோம்?"

"'திரும்பி வரும்'னு மாத்திக்கலாமே சார். குழந்தைங்க பார்க்கிற படம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப வேற குரல்ல..."

"படம் பூரா ஒரு குரல், ஒரு வரிக்கு மட்டும் இன்னொண்ணா? சிரிப்பாங்கய்யா! கம்ப்யூட்டர் குரல் இப்படி எதிர்த்துப் பேசாது. முழுசையும் அதுலயே போட்டுக்கறேன். நீ கிளம்பு."

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டுக் கொடுத்தால் வீம்பைப் பார் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மணிக்குரல் ஹெட்போனை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "போடுங்க தம்பி" என்றார்.

ஒரே டேக். 'திரும்பி வராது' என்கிற இடத்தில் குரல் உடைந்தது பாருங்கள், டைரக்டர் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்.

"இதுக்குத்தான்யா மனுஷன் வேணுங்கிறது! முதல்லயே இதைச் செஞ்சிருக்கலாம்ல?"

மணிக்குரல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் பின்னாலேயே போனேன்.

வாசல் பக்கத்துச் சோபாவில் அவர் மகள், தாயில்லாப் பிள்ளை, ஒரு பெரிய பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'குழந்தைகள் காப்பகம்' என்றிருந்தது.

மகள் ஓடிவந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலைப்பா. நீ எப்பப்பா வந்து கூட்டிட்டுப் போவே?"

"கையில நாலு காசு சேரட்டும்டா. கண்டிப்பா வருவேன்."

அவள் நம்பவில்லை. அழுகை இன்னும் பெரிதாயிற்று. அந்த அம்மாள்தான் அவளை இழுத்து அணைத்துச் சமாதானப்படுத்தினார்.

"அழாதே கண்ணு. அப்பா பேசின பென்குயின் படம் டிவில வரப்போகுதாமே? காப்பகத்துல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அப்பா என்ன சொல்றாருன்னு உன் காதாலயே கேட்டுக்கலாம், சரியா?"