பச்சைப் புகைபோக்கி

விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் புகைபோக்கி சொல்லிவந்ததைக் காகம் பல வருஷமாகச் சந்தேகித்தது.

"நம்மளது பச்சை மின்சாரம், தம்பி. வெட்டின மரம் மறுபடி வளரும். வளரும்போது என் புகையை அதுவே குடிச்சிரும்."

"பச்சை பெயின்ட் அடிச்சாப் போதுமாண்ணே?" என்று காகம் கேலி செய்யும். பிறகு, தனக்குத்தான் விளங்கவில்லையோ என்று குமையும்.

ஒரு நாள் காலை லாரியில் வந்த வேப்பமரத்தில் அந்தக் காகத்தின் கூடே இருந்தது. இரண்டு முட்டைகள் மிஞ்சியிருந்தன. லாரியின் பின்னாலேயே பறந்துவந்த அதன் ஜோடிப் பெண் காகம், விறகுக் குவியலின் மேல் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. குவியல் அடியிலிருந்து உலைக்குப் போய்க் குறைந்துகொண்டே வந்தது.

ஆண் காகம் புகைபோக்கியின் விளிம்பில் போய் அமர்ந்தது.

"நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம், அண்ணே. அந்த மரம் திரும்ப வளர்ற வரைக்கும் இவ எங்கே உட்காருவா?"